ஒலி விலையில் இல்லை

சீவக சிந்தாமணியிலே ஒரு காட்சி உண்டு. காந்தருவதத்தையை இசையில் வெல்ல வந்த சீவகனிடம் யாழ் ஒன்று தரப்படுகிறது. அவன் உடனே வாசித்துவிடவில்லை. ஒரு யாழை, நீரில் கிடந்த மரத்தால் ஆனது என்று ஒதுக்குகிறான். மற்றொன்றை, இடியுண்ட மரம் என்று தள்ளுகிறான். நரம்பிலே மயிர் இருப்பதையும் கண்டு சொல்கிறான். குற்றமற்ற யாழ் கைக்கு வந்த பிறகே பாடுகிறான். கருவியின் குற்றத்தை அறிவதும் கலையின் பகுதியே என்று கருதிய நாடு நம் நாடு.

இன்று நம் விடுதி அறைகளில் யாழ் இல்லை. மின்சாரக் கிதார் இருக்கிறது. அதில் வியப்பும் இல்லை. அயர்ன் மெய்டன் 2007லும், மெட்டாலிகா 2011லும் அரண்மனை மைதானத்தில் வாசித்த ஊர் பெங்களூரு. 1998இல் இங்கே தோன்றிய கிரிப்டாஸ் குழு 2013இல் ஜெர்மனியின் வாக்கென் விழா மேடை வரை சென்றது. இத்தகைய ஊரில் படிக்கும் தமிழ் மாணவன் ராக், மெட்டல் இசையை விரும்பினால் அதைக் குறை சொல்பவன் நான் அல்லன். அவன் சீவகனைப் போல் கருவியை அறிந்திருக்கிறானா என்பதே என் கேள்வி.

பெரும்பாலும் இல்லை என்றே சொல்ல வேண்டும். கிதாரின் ஒலி மெலிந்திருக்கிறதா? புதிய பிக்கப் வாங்கு! இரைச்சல் வருகிறதா? அதைவிட விலை உயர்ந்த பிக்கப் வாங்கு! இதுவே நம் நண்பர்கள் அறிந்த ஒரே மருத்துவம். மாதக் கணக்கில் சிற்றுண்டியைக் குறைத்துச் சேர்த்த பணம் இவ்வாறு போகிறது. நோய் தீர்ந்ததா என்றால், அதுதான் இல்லை.

பிக்கப் என்பது என்ன? ஒரு காந்தம், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பி பல ஆயிரம் சுற்று. அவ்வளவே. மேலே இரும்புத் தந்தி அதிர்கிறது. காந்தப் புலம் அசைகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்ட தத்துவம் இது. பள்ளியில் படித்து, மதிப்பெண் வாங்கி, மறந்துவிட்ட பாடம் நம் கைக் கருவியிலே உயிரோடு இருக்கிறது!

ஒற்றைச் சுருள் பிக்கப், தந்தியின் அசைவோடு சுவரிலுள்ள மின்கம்பியின் ‘உம்’ என்ற இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். நம் நாட்டில் அது வினாடிக்கு 50 அதிர்வு. இதற்கு மாற்றுக் கண்டவர் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர். இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் இணைத்து, காந்த முனைகளையும் மாற்றி வைத்தார். இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. இசை ஒன்றோடொன்று சேர்ந்தது. 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்தப் பொருளே ஹம்பக்கர். டிஸ்டார்ஷன் இசையைப் பெருக்கும்போது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். ஆகவே மெட்டல் வாசிப்போர் ஹம்பக்கரை நாடுவது நியாயமே.

நியாயமில்லாதது வேறொன்று: மீட்டரில் கிலோ ஓம் எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வன்மை என்ற நம்பிக்கை. அந்த எண் கம்பியின் நீளத்தையும் மெல்லிமையையும் சொல்லும். காந்தத்தின் வலிமையைச் சொல்லாது. அதே சுற்றுக்கு மெல்லிய கம்பியை இட்டாலே எண் ஏறிவிடும். எடையைக் கொண்டு புலவனின் அறிவை அளக்க முடியுமா? பிளாக் சப்பாத்தின் முதல் இசைத்தட்டு 1970இல் வெளிவந்தது. அதைப் பதிவு செய்தபோது டோனி அயோமியின் ஸ்ட்ராட் கிதார் பழுதாகியது. மாற்றாக வைத்திருந்த எஸ்.ஜி. கிதாரை எடுத்தார், அதில் இருந்தவை பி-90 என்னும் ஒற்றைச் சுருள் பிக்கப்புகள். மெட்டல் பிறந்ததே அந்த ஒலியில்தான். இன்று அங்காடியில் உரக்க விளம்பரமாகும் வன்மைப் பிக்கப் எதுவும் அன்று அவர் கையில் இல்லை.

ஆகையால் பணப்பையைத் திறக்குமுன் கிதாரின் பின்மூடியைத் திறக்க வேண்டும் என்பேன். முதலில் பிக்கப்பின் உயரம். தந்தியைக் கடைசிக் கட்டையில் அழுத்தி, பாலத்தருகே உள்ள பிக்கப்புக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இடைவெளி வைத்துக் கேளுங்கள். பிறகு ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். மிக நெருங்கினால் காந்தம் தந்தியை இழுத்து நாதத்தைக் கெடுக்கும். இதற்குச் செலவு ஒரு திருப்புளி.

அடுத்து ஒலியளவுத் திருகு. ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500, பேட்டரியால் இயங்கும் ஆக்டிவ் வகைக்கு 25 என்பது வழக்கம். ஹம்பக்கருக்கு 250 வைத்தால் கூர்மை மழுங்கும். ஆக்டிவுக்கு 500 வைத்தால் திருகு மின்விளக்குச் சுவிட்சைப் போல நடந்துகொள்ளும். குறை திருகில் இருக்க, பழி பிக்கப்பின் மேல் விழுகிறது! எஸ்.பி. சாலைக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குள் தீரும் குறை இது.

மூன்றாவது கம்பிகளின் நிறம். நான்கு கம்பி ஹம்பக்கரில் செமூர் டங்கன் நிறுவனத்துக்குக் கறுப்பு வெளியேறும் கம்பி. சிவப்பும் வெள்ளையும் ஒன்றாக முடியப்படுபவை. டிமார்சியோவுக்குச் சிவப்பு வெளியேறும் கம்பி. கறுப்பும் வெள்ளையும் முடியப்படுபவை. பச்சை இரண்டிலும் தரைக்கு. ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றொன்றைப் பற்றவைப்பவன் மெலிந்த ஒலியைத்தான் கேட்பான். ஒலியே வராமலும் போகலாம். இரு சுருளையும் தொடராக இணைத்தால் வன்மை. பக்கமாக இணைத்தால் தெளிவு. ஒரே பிக்கப்பில் இரண்டு குரல்! இதை அறியாதவனே இரண்டாவது பிக்கப்புக்குப் பணம் தேடுகிறான்.

நான்காவது, உயிர் பற்றியது. கிதாரின் தந்திகள் பாலத்தின் வழியாக ஆம்ப்ளிஃபயரின் தரையோடு இணைக்கப்பட்டவை. நம் மண்டபங்களிலோ, மூன்று துளைப் பெட்டியில் எர்த் கம்பியே இல்லாமல் இருப்பது உண்டு. இரைச்சலைக் குறைக்கிறேன் என்று எர்த் முனையை நீக்கும் மேதைகளும் உளர்! 1972 மே 3ஆம் நாள், வேல்சின் சுவான்சீ நகரில், ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிர் நீத்தார். தந்தியைத் தொடும்போது சுரீர் என்றால் அதைப் பெருமையாகப் பேசித் திரியாதீர்கள், இணைப்பைப் பிடுங்குங்கள். இரைச்சலுக்கு மருந்து கிதாரின் குழியில் ஒட்டும் செப்புத் தகடு, எர்த்தை அறுப்பதன்று.

“அப்படியானால் நல்ல பிக்கப்பே வேண்டாமா?” என்று கேட்கலாம். வேண்டும், இவையெல்லாம் சரியான பின் வேண்டும். அப்போது காது தேர்ந்தெடுக்கும். ராக் இசையின் நெகிழ்ச்சி வேண்டுவோர்க்கு அல்னிகோ காந்தமும் நடுத்தரச் சுற்றும் போதும். விரைவான மெட்டல் தாளத்தில் ஒவ்வோர் அடியும் தனித்துக் கேட்க வேண்டுமானால் செராமிக் காந்தமோ, மெட்டாலிகாவின் ஹெட்ஃபீல்டு விரும்பிய இ.எம்.ஜி. 81 போன்ற ஆக்டிவ் வகையோ பொருந்தும். பெயருக்காக வாங்குவதற்கும் தேவைக்காக வாங்குவதற்கும் உள்ள தொலைவு பெரிது.

விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் கற்றவர். தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கியவர். மறைந்த யாழின் நரம்புகளைக் கணக்கிட்டு ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்தார். கண்ணால் காணாத கருவிக்கே அவர் அவ்வளவு உழைத்தார். கையிலுள்ள கருவிக்கு நாம் ஒரு மாலைப் பொழுதாவது உழைக்கக் கூடாதா? நம் மன்றம் மாதம் ஒரு மாலை, ஒரு மேசை, ஒரு மீட்டர், ஒரு சால்டரிங் அயர்ன் வைக்கட்டும். மின்னியல் பயிலும் நண்பன் இசை நண்பனுக்குத் தமிழிலேயே சொல்லிக் கொடுக்கட்டும். பட்டிமன்றமும் கவியரங்கமும் நடக்கும் அதே அறையில் ஈயப் புகையும் சற்று எழட்டும். தமிழ் அதனால் குறைந்துவிடாது, வளரும்.