அவள் உடம்பு, அவள் பாடு

"இன்னா நைனா சொன்னாரு டாக்டரு?"

2019ஆம் வருசம், சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வராந்தாவில் என் பெரிம்மா என்னைக் கேட்ட கேள்வி இது. நான் சொன்ன பதில்: "ஒண்ணுமில்ல பெரிம்மா, உள்ள புண்ணு. மருந்து குடுத்தா ஆறிடுமாம்."

பொய். கர்ப்பப்பை வாயில் வந்த புற்றுநோய் இடுப்பெலும்பு வரை பரவிவிட்டது, இனி குணப்படுத்த வழியில்லை என்று சற்று முன்புதான் டாக்டர் சொல்லியிருந்தார். சொன்னது என்னிடம். பெரிம்மா அதே அறையில்தான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். "நீ வெளிய போய் உக்காரும்மா" என்று அவளை அனுப்பிவிட்டு, பேண்ட் போட்டு நாலெழுத்து படித்திருந்த என்னை நிறுத்திப் பேசினார். ஒரு பொம்பளையின் கர்ப்பப்பையைப் பற்றி அவளுக்குச் சொல்லாமல், தங்கச்சி மகனான ஓர் ஆம்பளைக்குச் சொன்னார்கள். "அந்தம்மாகிட்ட சொல்லாதீங்க, பயந்துடும்" என்றார். நானும் தலையாட்டினேன்.

அந்த டாக்டர் கெட்டவரில்லை. வாசலில் இன்னும் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். ஆனால் பயந்துவிடுவாள் என்று அவர் யாரைச் சொன்னார்?

பெரிம்மா பழவேற்காடு ஏரிக்கரையில் பிறந்தவள். எட்டு வயசிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்தவள். முள் குத்தி, கால் வெந்து, பாம்பு உரசிப் போனாலும் கூடை நிறையாமல் கரையேறாதவள். முகத்துவாரம் எப்போது மணல் மூடும், எந்தக் காத்துக்கு எந்த மீன் வரும் என்று அவளுக்குத் தெரியும். வானிலைக்காரன் புயல் வருகிறது என்று சொன்னால் எண்ணூர் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். மீனவன் பயந்துவிடுவான், சொல்லாதே என்று யாராவது கூண்டை மறைக்கிறார்களா? சொன்னால்தானே படகை மேலே இழுத்துக் கட்டுவான், வலையைச் சுருட்டுவான், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போவான்? ஏரியைப் பற்றிய சேதி எங்களுக்கு வேண்டும். எங்கள் உடம்பைப் பற்றிய சேதி மட்டும் வேண்டாமா?

இந்த ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர் கூடி, சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். நெடுங்காலம் அது பட்டினவர் குப்பங்களின் உரிமையாகவே இருந்தது. சேரிக்காரனும் இருளரும் கரையோரத்தில் கையால் தடவிப் பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதாவது, நம் வயிற்றைப் பற்றிய முடிவை நாம் இல்லாத கூட்டத்தில் எடுப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்ததும் அதே மாதிரி ஒரு கூட்டம்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. இந்தத் தடவை அவளை வெளியே உட்கார வைத்தவர்களில் நானும் ஒருத்தன்.

பொய் இலவசமாக வரவில்லை. ஆறிடும் என்று நாங்கள் சொன்னதை நம்பித்தான் பெரிம்மா காதுக் கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். அது மகளுக்கென்று வைத்திருந்தது. குழுவில் கடன் எடுத்தாள். வட்டிக்கு வாங்கினோம். ஒரு தனியார் இடத்தில் ஸ்கேன், டிரிப்ஸ், மறுபடி ஸ்கேன். ஒவ்வொரு தடவையும் பஸ் பிடித்துப் பொன்னேரி வந்து, அங்கிருந்து மின்சார ரயில். ராத்திரியில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வலியைக் கடித்தாள். வலிக்கென்று ஒரு மருந்து இருக்கிறது, அதற்குப் பெயர் மார்பின் என்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

கடைசி வாரத்தில் என் அம்மாவிடம் சொன்னாளாம்: "எனக்கு இன்னான்னு எனக்குத் தெரியும்டி. நீங்கதான் வாயத் தொறக்க மாட்டேன்றீங்க. மொதல்லியே சொல்லியிருந்தா சூலூர்ப்பேட்டைக்குப் போயி பொண்ணுகூட பத்து நாளு இருந்துட்டு வந்திருப்பேன்." வீட்டுக்குக் கூட்டிப் போங்க என்று கேட்டாள். வேனில் ஏற்றினோம். மீஞ்சூர் வருவதற்குள் உயிர் போய்விட்டது. ஏரிக்காத்து அவள் மேல் படவில்லை.

இதெல்லாம் சட்டம் வருவதற்கு முன்னால் நடந்த கதை இல்லை தோழர்களே. நோயின் கடுமையைக் கூட்டியும் சொல்லக்கூடாது, குறைத்தும் சொல்லக்கூடாது என்று டாக்டர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. டெல்லியில் ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது தாயின் சம்மதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அது செல்லாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அவளே விழித்துச் சம்மதிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சொன்னது. கௌரவமாகச் சாவதும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கும், எந்த சிகிச்சை வேண்டும் வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று 2018 மார்ச் 9இல் தீர்ப்பு வந்தது. அதற்கு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டுமென்று இருந்ததை 2023 ஜனவரியில் தளர்த்தி, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும் என்றார்கள்.

மார்பின் கதை இன்னும் கொடுமை. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசாங்க உரிமத்தோடு அபின் விளைகிறது. வெளிநாட்டுக்கும் போகிறது. ஆனால் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் நம் நாட்டு நோயாளிக்கே அது எட்டாமல் போனது. 2014இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். திருத்தம் வந்து ஐந்து வருசம் கழித்துத்தான் பெரிம்மா முந்தானையைக் கடித்தாள். ஏட்டில் இருப்பது சேரிக்கு வந்து சேர அவ்வளவு நாளாகிறது.

சில தோழர்கள் கேட்கிறார்கள்: "உயிரோட இருக்கும்போதே மரியாதை கிடையாது, சாவுல இன்னா கௌரவம்?" நியாயமான கேள்வி. கைநாட்டு வாங்கியே நம் நிலத்தைப் பிடுங்கியவர்கள் இவர்கள். இன்றைக்கு ஒரு தாளை நீட்டி, மேல் சிகிச்சை வேண்டாம் என்று கைநாட்டு வை என்றால் சந்தேகப்படத்தான் வேண்டும். ஏழைக்கு உண்மையைச் சொல்வது என்றால் "இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, கூட்டிட்டுப் போ" என்று கையைக் கழுவுவதாகவே பல இடங்களில் இருக்கிறது. அது உண்மை சொல்வதில்லை, துரத்துவது. கட்டில் இல்லை, கருவி இல்லை என்பதை நோயாளியின் விருப்பம் என்று எழுதிக்கொள்ள நாம் விடக்கூடாது.

ஆனால் அதற்காகப் பொய்யைக் காப்பாற்ற முடியாது. குணமாக்க முடியாது என்பது வேறு, ஒன்றும் செய்ய முடியாது என்பது வேறு. வலியைக் குறைக்கலாம். புண்ணைச் சுத்தம் செய்யலாம். நாற்றம் போக்கலாம். யார் பக்கத்தில் இருக்க வேண்டும், எந்த வீட்டில் இருக்க வேண்டும், கடனை யார் அடைப்பது என்று பேசி வைக்கலாம். கோழிக்கோட்டில் 1993இல் சில டாக்டர்கள் தொடங்கிய வேலை ஊர் ஊராகத் தொண்டர்களைச் சேர்த்தது. 2008இல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. இங்கே 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டிலேயே வலி தணிப்புப் பராமரிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. அந்தப் பை நம் தெருவுக்கும் வருகிறதா, வந்தால் அதில் சர்க்கரை மாத்திரை மட்டும்தானா, வலிக்கும் ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வேண்டியது நம் வேலை.

எல்லாரும் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள ஆசைப்படுவார்கள் என்றும் நான் சொல்லவில்லை. "எனக்கு வாணாம், என் பையன்கிட்ட சொல்லு" என்று ஒருத்தி சொன்னால் அது அவள் எடுத்த முடிவு. அவளைக் கேட்காமலே பையனிடம் போவதுதான் அநியாயம். முதலில் உட்கார வைக்க வேண்டும். அவள் பேசுகிற தமிழில் பேச வேண்டும். "உன் உடம்பைப் பத்தி எவ்ளோ தெரிஞ்சிக்கணும்மா?" என்று கேட்க வேண்டும். அவள் சொன்னதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, படித்துக் காட்டி, அவள் கையிலேயே கொடுக்க வேண்டும். மனசு மாறினால் அடித்து எழுதலாம் என்றும் சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்ந்த ஆஸ்பத்திரியில் மார்பின் இருக்க வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறோம். இதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம்.

அண்ணல் அம்பேத்கரை நினைத்துப் பாருங்கள். சர்க்கரை நோய் உடம்பைத் தின்றுகொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியும். அந்த உடம்போடுதான் 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். புத்தரும் அவர் தம்மமும் நூலின் முன்னுரையோடு கடைசி இரவிலும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். டிசம்பர் 6இல் போய்விட்டார். நூல் 1957இல் வெளிவந்தது. தன் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்தவர், முடிக்க வேண்டியதை முடித்தார். பெரிம்மாவுக்கு முடிக்க வேண்டியிருந்தது புத்தகம் இல்லை. மகளோடு பத்து நாள். ஒரு ஜோடி கம்மல். அதையும் நாங்கள் கொடுக்கவில்லை.

போன மாசம் எங்கள் தெருவில் இன்னொரு தாத்தாவுக்கு ஈரல் கெட்டுவிட்டது என்று ரிப்போர்ட் வந்தது. மகன் என்னிடம் கொண்டுவந்து, "அப்பாகிட்ட இன்னா சொல்றது அண்ணா?" என்றான். நான் ரிப்போர்ட்டை வாங்கவில்லை. "வா, அவருகிட்டயே போய் உக்காந்து கேப்போம்" என்றேன். திண்ணையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் வலையைக் கீழே வைத்துவிட்டு, "உக்காருங்கடா, சொல்லுங்க" என்றார்.