நின்றபடி வரும் பிரேக்மேன்!

ரோலர் கோஸ்டரில் ஏறியதும் கம்பியை இறுகப் பிடித்து, கண்ணை மூடிக்கொள்பவர்கள்தான் அதிகம். ஆனால், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் உள்ள லூனா பார்க்கின் 'சீனிக் ரயில்வே'யில் ஒருவர் மட்டும் உட்காரவே மாட்டார். ரயிலின் நடுவில் நின்றபடியே வருவார். அவர்தான் பிரேக்மேன்!

1912-ல் திறக்கப்பட்ட மர ரோலர் கோஸ்டர் இது. தொடர்ந்து இயங்கிவரும் ரோலர் கோஸ்டர்களில் உலகிலேயே பழமையானது. கேபிள் மேட்டுக்கு இழுத்துவிட்டால் போதும். அதன்பின் புவியீர்ப்பு விசையிலேயே ஓடும்.

இன்றைய ரோலர் கோஸ்டர்களில் பிரேக் தண்டவாளத்திலேயே இருக்கும். கம்ப்யூட்டர் அதைப் பார்த்துக்கொள்ளும். இங்கோ, பிரேக்மேன் கையில் இருக்கும் லீவர்தான் எல்லாம். ஆள் நிறைந்து கனம் கூடினால், ரயிலின் வேகமும் கூடும். எந்த இறக்கத்தில் விடலாம், எந்த வளைவுக்கு முன் பிடிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு சுற்றிலும் அவர்தான் கணிக்க வேண்டும்.

உச்சியில் கடல் தெரியும். பயணிகள் அதை ரசிக்கலாம், அடுத்த நொடியே அலறவும் செய்யலாம். பிரேக்மேனுக்கு இரண்டுக்கும் நேரமில்லை. அவர் கவனம் சிதறாமல் நிற்கும் தைரியத்தில்தான், மற்றவர்கள் நிம்மதியாக அலறுகிறார்கள்!