விபத்து வழக்கும் வக்கீல் சங்கமும்

ஒரு கொத்தனார். வயது 34, மாத வருமானம் 15,000 ரூபாய். லாரி மோதிக் கால் நொறுங்கியதில் சம்பாதிக்கும் திறனில் பாதி போய்விட்டது என்று மோட்டார் விபத்து வழக்குத் தீர்ப்பாயம் ஏற்பதாக வைத்துக்கொள்வோம். மாத இழப்பு 7,500, ஆண்டுக்கு 90,000. சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி அந்த வயதுக்குரிய பெருக்கி எண் 16. ஆக, வருமான இழப்புக்கான இழப்பீடு 14,40,000 ரூபாய். இத்தோடு கணக்கை மூடிவிடும் வக்கீல்கள் இருக்கிறார்கள். ஆனால், சுயதொழில் செய்யும் 40 வயதுக்கு உட்பட்டவர் என்றால், எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இறந்தவர் குடும்பத்துக்கு மட்டுமல்ல, ஊனத்தோடு பிழைத்தவருக்கும் அது பொருந்தும் என்பதை 2020இல் பப்பு தேவ் யாதவ் வழக்கு உறுதிசெய்தது. சேர்த்தால் 20,16,000 ரூபாய். ஒரு தீர்ப்பைப் படிக்காததன் விலை 5,76,000 ரூபாய். அதைக் கொடுப்பவர் வக்கீல் அல்ல, கொத்தனார். கேட்டதைவிடக் கூடுதலாகவும் தீர்ப்பாயம் தரலாம்தான்; எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமே!

அந்த ஆளை உருவாக்க வக்கீல் சங்கத்தால் முடியும். பார் கவுன்சில் பதிவு இல்லாமல் தொழில் செய்ய முடியாது. சங்க உறுப்பினராவதோ அவரவர் விருப்பம். தேர்தல், நீதிமன்றப் புறக்கணிப்பு, சேமநல நிதி என்பதோடு சங்கத்தின் வேலை முடிந்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். சேமநல நிதி அவசியம். ஆனால் விபத்து வழக்கு நடத்தும் வக்கீலுக்குச் சங்கத்தால் கிடைக்கக்கூடிய பெரிய லாபம், தெரிந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி. ஊன சதவீதமும் வருமான இழப்பும் ஒன்றல்ல என்று 2010இல் ராஜ்குமார் வழக்கு சொல்லிவிட்டது. மருத்துவச் சான்றிதழில் 30 சதவீதம் என்று இருக்கலாம். கணுக்கால் மடங்காத கொத்தனார் சாரத்தில் ஏற முடியுமா? அதே காயம் கணக்கெழுதுபவரை அவ்வளவாகப் பாதிக்காது. இந்த வேறுபாட்டைச் சாட்சிக் கூண்டில் டாக்டரிடமிருந்து வாங்கும் கலையை, சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தந்தால்தான் ஜூனியருக்கு வரும். தாலுகா கோர்ட்டில் தனியாகத் தொழில் தொடங்குபவருக்கு அந்தச் சீனியர் எங்கே கிடைப்பார்?

இன்சூரன்ஸ் நிறுவனங்களின் வக்கீல்களுக்கு நிறுவனமே தீர்ப்புகளைத் தொகுத்து அனுப்பக்கூடும். மனுதாரர் தரப்பு வக்கீலுக்குச் சங்கத்தை விட்டால் வேறு நாதியில்லை. தீர்ப்புகள் மட்டுமல்ல, சட்ட மாற்றங்களும் அவருக்குத் தெரிய வேண்டும்: விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதை எதிர்த்து வழக்குகள் நடந்தாலும், கட்டு பிரிக்காத காலோடு படுத்திருப்பவருக்குக் கெடுவை நினைவூட்ட வேண்டியவர் வக்கீல்தான்.

கசப்பான விஷயத்தையும் பேசியாக வேண்டும். ஜி.எச். அவசரப் பிரிவு வாசலில் வக்காலத்துப் படிவத்தோடு நிற்கும் புரோக்கரைப் பார்க்காதவர் யார்? ஆள் வைத்துக் கேஸ் பிடிப்பதையும், கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதையும் பார் கவுன்சில் விதிகள் தடைசெய்கின்றன. நடப்பது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். போலி விபத்து வழக்குகளை விசாரிக்க 2015இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கச் சொல்லும் அளவுக்கு உத்தரப் பிரதேசத்தில் விவகாரம் முற்றியது. ஒவ்வொரு போலி வழக்கும் நிஜமாகவே கால் இழந்தவரைச் சந்தேகக் கூண்டில் ஏற்றுகிறது. நேர்மையாகத் தொழில் செய்யும் வக்கீல் தனியாளாகப் புரோக்கரை எதிர்த்தால் கேஸ்தான் போகும். சங்கமாக எதிர்த்தால் புரோக்கருக்கு இடமிருக்காது.

பொறுப்பு வக்கீல்களுடையது மட்டுமல்ல. விபத்து பற்றிய முதல் அறிக்கையைப் போலீஸ் 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த அறிக்கை வருகிறதா என்று சங்கம் கண்காணிக்கலாம். மருத்துவமனை நிர்வாகம் புரோக்கர்களை வார்டுக்குள் விடாமல் தடுக்கலாம். பொதுமக்கள் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாமலும், இழப்பீட்டைத் தங்கள் வங்கிக் கணக்கிலேயே வாங்கியும் தங்களைக் காத்துக்கொள்ளலாம்.

சங்கங்கள் தொடங்க வேண்டிய இடம் சிறியதுதான்: மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு சீனியர், ஒரு புதிய தீர்ப்பு, ஒரு கணக்கு. ஜூனியர்களுக்கு முதல் இரண்டு ஆண்டு சந்தா வேண்டாம். புரோக்கர் பற்றிப் புகார் சொல்பவரின் பெயரை வெளியிடாத குழு ஒன்று. அடுத்த பொதுக்குழுவில் யாராவது ஒருவர் எழுந்து இதைத் தீர்மானமாக முன்மொழியட்டும்.