தேடாததா குற்றம்?

"சட்டம் இருக்கிறது, திட்டங்கள் இருக்கின்றன, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் பெற்றோர்தான் தேடிப் போவதில்லை" என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியாது. அது அநியாயமான பேச்சு.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016ஐயே பார்ப்போம். அது தரும் இலவசக் கல்வி உரிமை 18 வயதோடு முடிகிறது. பிறகு அரசு வேலையில் 4% ஒதுக்கீடு. அதில் 1%தான் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து. அந்த இடத்துக்கும் எழுத்துத் தேர்வு என்றால், கற்றல் குறைபாடுள்ள பட்டதாரியோடு அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர் மோத வேண்டும். முடிவு எழுதும் முன்பே தெரிந்ததுதான். தனியார் துறையிலோ ஊக்கச் சலுகை மட்டுமே, அதுவும் அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு.

இந்த இளைஞருக்கு முதல் சில மாதங்கள் பக்கத்தில் நின்று வேலையைப் படிப்படியாகக் காட்டித் தர ஒருவர் வேண்டும். அப்படி ஒருவரை வைக்கும்படி எந்த முதலாளியையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. தேடினாலும் எங்கே கிடைப்பார்?

தேடிப் போவதும் எளிதல்ல. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மருத்துவச் சான்று. பாதுகாவலர் நியமனத்துக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு. நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கு, ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரைதான் என்றாலும், தனி விண்ணப்பம். தினக்கூலிக்குப் போகும் தாய் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறார். அவரைப் பார்த்து "தேடவில்லை" என்பதா? பிள்ளைக்கு 17 வயதாகும்போதே அரசு அவர் வீட்டுக்கு ஆளை அனுப்பட்டும்.