பன்னிரண்டு பக்கம் எதற்கு?



அடுத்த இதழிலிருந்து ஒரு தொடர் ஆரம்பிக்கிறோம். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று துறைமுகத்தை ஒட்டி வடக்கே போகிற இந்தப் பகுதியில் வாழும் கலைஞர்களோடு நீண்ட உரையாடல். இதழுக்கு ஒருவர். ஒருவருக்குப் பன்னிரண்டு பக்கம்.

“ஒரே ஆளுக்குப் பன்னிரண்டு பக்கமா? யார் படிப்பாங்க?” என்று எங்கள் அலுவலகத்திலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். காசு கொடுத்து வாங்குகிறவர்கள் நீங்கள். அதனால் காரணத்தை உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

வடசென்னை என்றால் சினிமாவில் கத்தி, செய்தியில் கசிவு. வேறு எதற்கு இந்தப் பக்கம் கேமரா வருகிறது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படர்ந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி ராத்திரி அமோனியா வாயு கசிந்து, பெரிய குப்பம் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். இதையெல்லாம் எழுதத்தான் வேண்டும், எழுதிக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் அந்தத் தெருக்களில் வீட்டுக்கு வீடு பாடுகிற ஒருவர், டேப் வாத்தியம் அடிக்கிற ஒருவர், சுவரில் படம் வரைகிற ஒருவர், சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற ஒருவர் இருக்கிறார். அவர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள், எப்படிப் பிழைக்கிறார்கள் என்று உட்கார்ந்து கேட்டவர்கள் எத்தனை பேர்?

இசைவாணியை எடுத்துக்கொள்ளுங்கள். ராயபுரத்துப் பெண். அப்பா தானாகவே கீபோர்டு கற்றுக்கொண்டவர். அவரோடு சின்ன வயதிலேயே மேடை ஏறியவர் இசைவாணி. பெரும்பாலும் ஆண்களே பாடிக்கொண்டிருந்த, வடசென்னைத் தெருப்பாட்டான கானாவை ஒரு பெண் எடுத்துப் பாடினார். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு முதல் கச்சேரி நடத்தியபோது, சினிமா இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்திருந்த அந்தக் குழுவில் அவர் ஒருவர்தான் பெண். 2020-இல் பி.பி.சி.யின் உலகப் பெண்கள் நூறு பேர் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

பட்டியல் வந்தபோது மைக் வந்தது. 2024 நவம்பரில் அவருடைய பழைய பாட்டு ஒன்றைப் பிரச்சினையாக்கி மிரட்டல்கள் வந்தபோது இன்னும் நிறைய மைக் வந்தது. அவருடைய தொழிலைப் பற்றிய கேள்விகள்தான் அபூர்வம். கானாவில் ஆண்கள் பிடிக்கிற சுருதியில் ஒரு பெண் குரல் எங்கே போய் நிற்கும்? கச்சேரி முடிய ராத்திரி இரண்டு மணி ஆனால் வீட்டுக்கு யார் கொண்டுவந்து விடுவார்கள்? கூடப் பாடும் ஆணுக்குக் கொடுக்கிற பேமென்ட்டே பெண்ணுக்கும் கிடைக்குமா? நம் வீட்டில் ஒரு பெண் பிள்ளை பாடப் போகிறேன் என்று நின்றால், நமக்குத் தெரிந்தாக வேண்டியவை இந்தக் கேள்விகளுக்கான பதில்கள்தானே?

கேள்வி கேட்கும் கலையை நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டியதே கானா பாடகர்களிடம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மரண கானா கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? சாவு விழுந்த ராத்திரியிலோ, காரிய நாளிலோ, வருஷம் திரும்பும் நினைவு நாளிலோ, தெருவில் சாமியானா போட்டு, மாலை போட்ட போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்து விடிய விடியப் பாடுவார்கள். பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் நடப்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை.

பாடகர் வீட்டு ஆட்கள் ஒருவரிடமோ இருவரிடமோ ஓரமாகப் போய்ப் பேசுவார். “பெரியவர் பேர் இன்னா? தெருவுல இன்னான்னு கூப்புடுவாங்க? ஹார்பர்ல வேலையா, போட்டுல போனவரா? புள்ளைங்க பேரு? மூத்த மருமகன் எந்த ஊரு? எம்.ஜி.ஆர். கட்சியா, சிவாஜி கட்சியா?” அழுது கண் வீங்கின மகள் ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். அப்பா சீட்டுக் கட்டினது, கேரம் ஆடினது, பேரப்பிள்ளைக்கு மட்டும் ஒளித்துவைத்துக் கொடுத்த தின்பண்டம். கொஞ்ச நேரத்தில் அத்தனையும் மெட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். பேரன் பேர் பாட்டில் வரும்போது கூட்டத்தில் எல்லோரும் அந்தப் பையனைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

துக்க வீட்டில், அந்தக் கொஞ்ச நேரத்தில், யார் மனமும் நோகாமல் ஒரு ஆயுசின் விவரங்களைக் கேட்டு வாங்குவது லேசுப்பட்ட காரியமா? பத்திரிகைத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்தும் அந்தப் பக்குவம் எங்களில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது? ஊரில் இருக்கிற எல்லோருடைய கதையையும் கேட்டுப் பாடினவரிடம், “உங்க கதை என்னண்ணே?” என்று நாமும் ஒரு தடவை கேட்போம்.

இதனால் குடும்பங்களுக்கு என்ன பிரயோஜனம் என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது.

ப்ளஸ் டூ முடித்த பையன் எழும்பூர் ஓவியக் கல்லூரியில் சேரப் போகிறேன் என்கிறான். அப்பா கன்டெய்னர் யார்டில் ஒப்பந்தத் தொழிலாளி. “படம் வரைஞ்சா சோறு வருமா?” என்று கேட்கிறார். அவரைக் கலை தெரியாதவர் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வராது. வாடகை, கேஸ் சிலிண்டர், தங்கச்சிக் கல்யாணம் எல்லாம் அவர் தலையில் இருக்கிறது. அவர் கேட்பது சரியான கேள்வி. ‘கனவை விடாதே’ என்று மேடையில் பேசுகிறவர்கள் அதற்குப் பதில் சொல்வதில்லை. ஜெயித்தவரின் கதையை ஒரு பக்கத்தில் சுருக்கிப் போடுகிற எங்களைப் போன்ற பத்திரிகைகளும் சொல்வதில்லை. கஷ்டப்பட்டார், ஜெயித்தார் என்ற இரண்டு வார்த்தைகளுக்கு நடுவே இருபது வருஷம் காணாமல் போய்விடுகிறது.

அந்த இருபது வருஷத்தைத்தான் நாங்கள் கேட்கப்போகிறோம். ஆடி மாதம் கல்யாண வீடுகள் இல்லை. ஆனால் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் விழா, அதனால் கச்சேரி உண்டு. அப்புறம் வேலையே இல்லாத மாதங்கள் எவை? அப்போது நகை அடகுக்குப் போகுமா, ஆட்டோ ஓட்டப் போவாரா? அட்வான்ஸ் வாங்கின கச்சேரி மழையில் நின்றுபோனால் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? யூடியூபில் லட்சக்கணக்கில் பார்த்த பாட்டுக்கு எழுதியவர் கைக்கு ஏதாவது வந்ததா?

புளியந்தோப்புப் பக்கத்திலிருந்து வந்த கானா பாலா சட்டம் படித்த வக்கீல். 2012-இல் ‘அட்டகத்தி’ படம் வந்தபிறகுதான் ஊர் முழுக்க அவரைத் தெரியும். அதற்கு முன்னால் மாநகராட்சி கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக இரண்டு முறை நின்றும் பார்த்தார். வக்கீல் கோட்டும் கானாவும் ஒரே வாழ்க்கையில் எப்படிச் சேர்ந்து ஓடின? பிள்ளையைக் கலைக்கு அனுப்பத் தயங்குகிற அப்பாவுக்கு, பெயர் வாங்கின வருஷத்தைவிட இந்த விவரம் எவ்வளவு உபயோகம்!

தொழில் அடியோடு மாறிப்போனவர்களும் இருக்கிறார்கள். கட்சி பேனர், கடை போர்டு, சுவர் விளம்பரம் என்று கையால் எழுதிப் பிழைத்தவர்கள் நம் ஏரியாவில் ஏராளம். ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் வந்து சில வருஷங்களிலேயே அந்த வேலை போய்விட்டது. பலர் பெயின்டிங் கான்ட்ராக்ட்டுக்குப் போனார்கள். அத்தனை பெரிய துணியில் கட்டம் போட்டு, பக்கத்தில் நின்று வரையும் ஒரு முகம், தெருமுனையிலிருந்து பார்த்தால் சரியாகத் தெரியும்படி எப்படிக் கணக்குப் போட்டார்கள்? அந்தக் கணக்கு அவர்கள் கையோடு போய்விடக் கூடாது. கோவையில் சினிமா பேனர் வரைந்த ஓவியர் ஜீவா தானே எழுத உட்கார்ந்தார். அவருடைய ‘திரைச்சீலை’, சினிமா பற்றிய சிறந்த புத்தகத்துக்கான தேசிய விருதை வாங்கியது. எல்லோருக்கும் எழுத வராது. பேச வரும். கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

தமிழில் இது புதுசில்லை. ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகம் எழுதிய கோமல் சுவாமிநாதன் 1991-லிருந்து ‘சுபமங்களா’வை நடத்தியபோது, அதில் வந்த நீண்ட நேர்காணல்களுக்காகவே இதழை வாங்கியவர்கள் உண்டு. பிறகு அவை புத்தகமாகவும் வந்தன. 1953-இல் தொடங்கிய ‘பாரிஸ் ரிவ்யூ’ என்ற ஆங்கில இலக்கியப் பத்திரிகை முதல் இதழிலேயே நாவலாசிரியர் இ.எம்.ஃபார்ஸ்டரின் பேட்டியைப் போட்டது. எந்த நேரத்தில் எழுதுவீர்கள், எத்தனை தடவை திருத்துவீர்கள் என்ற மாதிரி கைவேலைக் கேள்விகளால்தான் அந்தப் பேட்டிகள் பேர் வாங்கின. நாவலாசிரியரிடம் கேட்ட அதே மரியாதையோடு டோலக் வாசிக்கிறவரிடமும் கேட்கலாம் இல்லையா? கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா மிருதங்கம் செய்யும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி 2020-இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ எழுதினார். தோலை எடுத்து, பதம் பார்த்து, நாதத்துக்கு வழி செய்தவர்களின் பேர் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. கச்சேரி நோட்டீஸில் எந்தக் காலத்தில் இருந்தது?

அதே கிருஷ்ணா 2017 ஜனவரியில் வந்த ஒரு வீடியோவில், எண்ணூரில், அனல்மின் நிலையச் சாம்பலுக்கு நடுவே நின்று ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ பாடினார். கபேர் வாசுகி எழுதிய சென்னைத் தமிழ், ராகமாலிகையில். அந்த வீடியோ எண்ணூரை எங்கெங்கோ கொண்டுபோனது. நல்லது. அந்தச் சாம்பலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்து, மீன்பாடு குறைந்ததையும் ஆறு தூர்ந்ததையும் பாட்டாகக் கட்டிப் பாடுகிறவர்கள் காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக் குப்பத்திலும் இருந்தால், அவர்களையும் நாம் தேடிப் போக வேண்டும். இந்தத் தொடருக்கு அதுவும் ஒரு காரணம்.

திருவொற்றியூரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. தியாகராஜரின் சீடர் வீணை குப்பய்யர் இந்த ஊர்க்காரர். தியாகராஜர் இங்கே வந்து திரிபுரசுந்தரி அம்மன் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். குப்பய்யர் மகன் திருவொற்றியூர் தியாகய்யரும் பெரிய வித்வான். பாட்டு எல்லாம் நம் கையில் பத்திரமாக இருக்கிறது. குப்பய்யர் வீட்டுத் திண்ணையில் பாடம் எப்படி நடந்தது, மகன் தப்பாகப் பாடினால் என்ன சொன்னார் என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிவைத்திருந்தால்! அவர்கள் காலத்தில் ரெக்கார்டர் இல்லை. நம் சட்டைப் பையில் இருக்கிறது.

தொடரில் சில விஷயங்களை உறுதியாக வைத்திருக்கிறோம். அவர்கள் பேசுகிற தமிழைத் திருத்தப் போவதில்லை. ‘இன்னா’ என்றால் ‘இன்னா’தான் அச்சில் வரும். தலைப்புக்காக யாரையும் அழவைக்க மாட்டோம். குடும்பக் கஷ்டத்தை அவர்களாகச் சொன்னால் கேட்போம், தோண்ட மாட்டோம். அச்சுக்குப் போகும் முன் முழுவதையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டுவோம். “இந்த வரி வேண்டாம்” என்றால் எடுத்துவிடுவோம். பேட்டிக்கு நடுவே “ஒரு பாட்டு பாடுங்களேன், வீடியோ எடுத்துக்கறோம்” என்று கேட்டால் அதற்குச் சம்பளம் உண்டு. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் தொழிலை இனாமாக வாங்குவது நம் பத்திரிகை உலகத்தில் பழகிப்போன காரியம். நாங்கள் அதைச் செய்வதாக இல்லை.

உங்களிடம் ஒரு உதவி வேண்டும். உங்கள் வீட்டில், தெருவில், சர்ச்சில், சங்கத்தில் அப்படி ஒருவர் இருந்தால் எழுதுங்கள். கல்யாண பேண்டில் டிரம்பெட் ஊதின தாத்தா, நாடகத்தில் பெண் வேஷம் கட்டின மாமா, ஒப்பாரி பாடுகிற ஆயா, போட்டில் பேர் எழுதுகிற பெயின்டர் அண்ணன், யாராக இருந்தாலும் சரி. டி.வி.யில் வந்திருக்க வேண்டிய அவசியமில்லை. பேரை அனுப்பும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சம்மதம் கேட்டுவிடுங்கள்.

வயதானவராக இருந்தால் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் போனில் ரெக்கார்டரைப் போட்டு, பேரப்பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். முதல் தடவை எவ்வளவு காசு வாங்கினீங்க, அதை என்ன பண்ணினீங்க என்று தொடங்கினால் போதும். மிச்சத்தை அவர்களே சொல்வார்கள். நாலாயிரம் ரூபாய்க்குக் குறைந்து பாடமாட்டேன் என்று அவர் எப்போது சொல்ல ஆரம்பித்தார், அப்போது பாட்டி என்ன சொன்னாள் என்பதுவரை வரும்.

முதல் உரையாடல், கானா கச்சேரிகளுக்கு டேப் அடிக்கிற ஒரு அண்ணனோடு. ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவர் என்பதால் மத்தியானம் தூங்கி எழுந்த பிறகுதான் பேச முடியும் என்று சொல்லியிருக்கிறார். தோல் கட்டினதை வாசிக்கிறாரா, ஃபைபருக்கு மாறிவிட்டாரா, மாறியிருந்தால் எந்த மழைக் காலத்தில் மாறினார் என்பது எங்கள் முதல் கேள்வி. நீங்கள் கேட்க விரும்புவதையும் இந்த மாதக் கடைசிக்குள் எழுதி அனுப்புங்கள், உங்கள் பேர் சொல்லியே கேட்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்