வரைவாகவே நிற்கும் விதிகள்

இணையதளம் மூலம் மருந்து வாங்குவது சட்டப்படி சரியா, தவறா? இந்தச் சாதாரணக் கேள்விக்கு "ஆம்" என்றோ "இல்லை" என்றோ நேரடியாகப் பதில் சொல்ல மத்திய சுகாதார அமைச்சகம் தயங்குகிறது. நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் இதை எழுப்பும்போதெல்லாம், வரைவு விதிகள் 2018 ஆகஸ்ட் 28-ஆம் தேதி அரசிதழில் வெளியிடப்பட்டு, கருத்துகள் கோரப்பட்டன என்கிற தகவல்தான் பெரும்பாலும் எழுத்து மூலம் வந்திருக்கிறது. அந்த வரைவு வெளியானபோது சுகாதார அமைச்சராக இருந்தவர் ஜெ.பி. நட்டா. பிறகு ஹர்ஷ் வர்தன் வந்தார். மன்சுக் மாண்டவியா வந்தார். 2024-இல் நட்டாவே மீண்டும் அதே அமைச்சகத்துக்குத் திரும்பினார். வரைவு, வரைவாகவே அவருக்காகக் காத்திருந்தது.

இதில் விந்தை என்னவென்றால், சட்டம் இல்லாமல் இல்லை. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டம் உரிமம் இல்லாமல் எவரும் மருந்து விற்கக் கூடாது என்கிறது. அந்த உரிமம் ஒரு முகவரிக்கு உரியது. இரண்டு இடங்களில் விற்றால் இரண்டு உரிமங்கள் வேண்டும். 1945-ஆம் ஆண்டின் விதிகளில் அட்டவணை எச், எக்ஸ் ஆகியவற்றில் உள்ள மருந்துகளைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. பதிவு பெற்ற மருந்தாளுநரின் நேரடிக் கண்காணிப்பில்தான் கொடுக்க வேண்டும். மருத்துவர் குறிப்பிட்டிருந்தாலொழிய ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து. கொடுத்த கடையின் பெயர், முகவரி, தேதி ஆகியவற்றை அந்தச் சீட்டிலேயே எழுதவும் வேண்டும்.

செல்பேசியில் படம்பிடித்து அனுப்பப்படும் சீட்டில் யார், எங்கே எழுதுவது? ஒரு கடையில் மருந்து வாங்கிய சீட்டின் படத்தையே இன்னும் நான்கு இணையதளங்களுக்கும் அனுப்பலாம். தூக்க மாத்திரைக்கோ, நுண்ணுயிர்க் கொல்லி மருந்துக்கோ இது சிறிய ஓட்டை அல்ல. சீட்டே இல்லாவிட்டாலும் பாதகமில்லை, எங்கள் மருத்துவர் தொலைபேசியில் பேசிச் சீட்டு எழுதித் தருவார் என்கின்றன சில நிறுவனங்கள். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் தொலைவிலிருந்து மருந்து எழுதுவதை அனுமதிக்கின்றன என்பது உண்மைதான். ஆனால், விற்பவரே ஏற்பாடு செய்யும் மருத்துவர், "இந்த மருந்து உங்களுக்கு வேண்டாம்" என்று எத்தனை பேரிடம் சொல்வார்?

பொறுப்பு யாருடையது என்பதுதான் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி. நாங்கள் விற்பனையாளர்கள் அல்லர், உரிமம் பெற்ற கடையையும் நோயாளியையும் இணைக்கும் இடையீட்டாளர்கள் மட்டுமே என்று இணைய நிறுவனங்கள் வாதிடுகின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்டம் இடையீட்டாளர்களுக்குத் தரும் பாதுகாப்பைத் துணைக்கு அழைக்கின்றன. விளம்பரத்தில் நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருக்கும். மருந்து தரமற்றதாக இருந்தால் மட்டும், நோயாளி கேள்விப்பட்டிராத ஏதோ ஓர் ஊரின் கடைதான் விற்றது என்றாகிவிடும்.

மருந்து வணிகர்களின் தரப்பு முழுக்க நியாயமானது என்று சொல்லிவிடவும் முடியாது. 2015, 2017, 2018 என்று மூன்று முறை நாடு தழுவிய கடையடைப்பை அவர்களது அகில இந்தியச் சங்கம் நடத்தியது. அவர்களது அச்சத்தில் பாதி, தள்ளுபடி விலையைக் கண்டு எழுந்த வணிக அச்சம். சீட்டு இல்லாமல் மாத்திரை தரும் தெருமுனைக் கடையை அறியாதவர் யார்? 2014 மார்ச் முதல் அட்டவணை எச்1 மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு கட்டாயம். அதை ஒழுங்காகப் பராமரிக்கும் கடைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இருந்தாலும், தெருமுனைக் கடைக்கு ஒரு கதவு இருக்கிறது. மருந்து ஆய்வாளர் நினைத்தால் உள்ளே நுழைய முடியும்.

நடமாட முடியாத முதியவர்கள், ஊரில் கிடைக்காத மருந்துக்காக அலைபவர்கள், மாதந்தோறும் ஒரே மருந்தை வாங்கும் சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு வீடு தேடி வரும் மருந்து பெரிய உதவி. எனவே தடை தீர்வாகாது. கரோனா காலத்தில், 2020 மார்ச் 26-ஆம் தேதி அறிவிக்கை மூலம், உரிமம் பெற்ற கடைகள் அதே வருவாய் மாவட்டத்துக்குள் வீட்டுக்கே மருந்து கொண்டு தரலாம் என்று அரசே அனுமதித்தது. தேவை என்றால் ஒரே நாளில் அறிவிக்கை வெளியிட முடியும் என்பதற்கு இதுவே சான்று.

நீதிமன்றங்கள் சும்மா இருக்கவில்லை. உரிமம் இல்லாத இணைய விற்பனைக்கு தில்லி உயர் நீதிமன்றம் 2018 டிசம்பர் 12-இல் இடைக்காலத் தடை விதித்தது. அடுத்த சில நாள்களில், தமிழ்நாட்டு மருந்து வணிகர்கள் தொடுத்த வழக்கில், 2019 ஜனவரி 31-க்குள் விதிகளை அறிவிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி உத்தரவிட்டார். அதுவரை விற்பனை கூடாது என்றார். ஜனவரியிலேயே டிவிஷன் பெஞ்ச் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. தலைமை மருந்துக் கட்டுப்பாட்டாளர் 2023 பிப்ரவரியில் சுமார் 20 நிறுவனங்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். விற்பனை நிற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் முடிவெடுக்க மத்திய அரசுக்குக் கடைசி வாய்ப்பு தந்த தில்லி உயர் நீதிமன்றம், 2024 மார்ச்சில் இன்னொரு கடைசி வாய்ப்பையும் தந்தது.

அந்த வரைவில் குறைகள் உண்டு. 50,000 ரூபாய் கட்டணத்தில் மூன்றாண்டுகளுக்கு மத்தியப் பதிவு. அது நாடு முழுவதற்கும் செல்லும். மருந்து என்பது அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. உரிமம் தருவதும் கடைகளைச் சோதிப்பதும் மாநில அதிகாரிகள். தவறு நடந்தால் எந்த மாநில ஆய்வாளர் எங்கே வழக்குத் தொடுப்பார் என்பது தெளிவாக வேண்டும். போதை மருந்துகளுக்கும் அட்டவணை எக்ஸ் மருந்துகளுக்கும் தடை, நோயாளியின் விவரங்கள் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்கிற நிபந்தனை ஆகியவை வரவேற்கத்தக்கவை.

குறைகளைத் திருத்தி விதிகளை இறுதி செய்யட்டும். இல்லையென்றால், 2022-இல் வரைவாக வெளியிட்ட புதிய மருந்துகள் மசோதாவை மக்களவைக்குக் கொண்டுவரட்டும். வர்த்தகத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் அதே ஆண்டில் தாமதமின்றி விதிகளை அறிவிக்குமாறு பரிந்துரைத்தது. ஒருமுறை பயன்படுத்திய சீட்டு வேறெங்கும் செல்லாதபடி பொதுவான பதிவு ஏற்பாடு, விளம்பரம் செய்யும் நிறுவனத்துக்கும் விற்கும் கடைக்கும் சேர்ந்தே பொறுப்பு ஆகிய இரண்டும் அதில் இடம்பெற வேண்டும். அடுத்த முறை இந்தக் கேள்வி அவையில் எழும்போது, 2018 ஆகஸ்ட் 28-ஐ விட்டுவிட்டு, விதிகள் நடைமுறைக்கு வரும் தேதியை அமைச்சர் சொல்லட்டும்.