வாளி மீனவர் கையில். பொறுப்பு யார் கையில்?



பேசின் பாலத்தைக் கடந்து வடக்கே ஓடும் பக்கிங்காம் கால்வாய் எண்ணூர்க் கழிமுகத்தைச் சேர்கின்றது. 2023 திசம்பரில், மிச்சாங் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய்த் தூய்மிப்பாலையின் எண்ணெயும் அக் கால்வாய் வழியே இறங்கிக் கழிமுகத்தைக் கருக்கியது. நடுவணரசைச் சார்ந்த அவ் ஆலையார், தம் குழாயில் கசிவில்லை என்றனர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வோ அவ் ஆலையையே சுட்டியது.

இது புதிதன்று. 2017 சனவரி 28 விடியலில் காமராசர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதியபோதும், மாசில்லை என்றே துறைமுகத்தார் முதலில் அறிவித்தனர். பின்னர்க் கரையேறிய எண்ணெயை மீனவரும் மாணவரும் வாளிகளால் அள்ளினர். ஏழாண்டு நிரம்புமுன், 2023-இலும் மீனவரே படகேறிக் குவளையால் அள்ளினர். ஆறாண்டுப் பட்டறிவு அரசுகளுக்குக் கற்பித்தது யாது?

கடலுக்குக் கடற்காவற்படை, துறைமுக நீருக்குத் துறைமுகத்தார், கரைக்கு மாநில அரசு என நாட்டளவுத் திட்டம் பொறுப்பைப் பகுத்துள்ளது. தாளில் பகுத்த பொறுப்பு, இடர் வந்த நாளில் ஒருவர் கைக்கும் வந்திலது. தில்லி சென்னையைக் காட்டும். சென்னை ஆலையைக் காட்டும். ஆலை மழையைக் காட்டும். மழையா எண்ணெயைக் காய்ச்சி வடித்தது?

பெரிதும் தாக்குண்ட மீனவக் குடும்பத்திற்கு மாநில அரசு 12,500 உருபா வழங்கியது. அது பசியாற்றும், பொறுப்பைத் தீர்க்காது.

கசிவை அன்றே அறிவிக்க வேண்டியவர் எவர், கருவியோடு முதலில் வரவேண்டியவர் எவர் என்பதைப் பணிப்பெயரோடு ஒவ்வொரு குப்பத்திலும் தமிழில் எழுதி வைத்தல் வேண்டும். தவறியவர் ஒறுக்கப்படல் வேண்டும். அதுவரை, அடுத்த வெள்ளத்திலும் மீனவன் கையில் வாளியும் ஆள்வோர் கையில் அறிக்கையுமே இருக்கும். இதனைக் கேட்க வடசென்னை மட்டுமன்று, தமிழகமே எழுக!